கல்கத்தாவில் கண்ட ஸ்காட்லாந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புக்கு மேல் படியாத ஓர் இரயில்வே எழுத்தரை இம்மேடையில் ஏற்றி வைத்துள்ளீர்கள். இலக்கியம் பேசப் புலவர் பலர் உளர். யாம் அத்துறையில் புகத் துணியவில்லை. நாள்தோறும் அலுவலகம் சென்று திரும்பும் வழியில் எம் கண்ணிற்பட்ட ஒன்றைக் குறித்தே பேச விழைகின்றோம். நம்மைப்போலவே பிறந்த ஊரை விட்டு இக்கங்கைக் கரைக்குப் பிழைக்க வந்த ஒரு கூட்டத்தார் எவ்வாறு வாழ்ந்தனர், தம் ஊரை எவ்வாறு நெஞ்சிற் காத்தனர் என்பதே இன்றைய பொருள். அவர்கள் ஸ்காட்லாந்து நாட்டினர்.

ஸ்காட்லாந்து என்னும் பெயரை யாம் முதன்முதல் அறிந்தது பாடப்புத்தகத்தில் அன்று, எஞ்சினில். எம் தந்தையார் கரக்பூர் லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்தார். யாம் சிறுவராயிருந்தபோது ஒருநாள், நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நீராவி எஞ்சின் ஒன்றின் பித்தளைத் தகட்டை எண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்டினார். ‘கிளாஸ்கோ’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தோம். அஃது எந்த ஊர் என்று வினவினோம். “இந்த எஞ்சினுக்கு அதுதானப்பா சொந்த ஊர், நமக்குத் திருநெல்வேலி மாதிரி” என்றார். அந்த விடை எம் மனத்தை விட்டு இன்றளவும் அகலவில்லை. 1903-இல் மூன்று தொழிற்சாலைகள் ஒன்றாகி அந்நகரில் உருவான நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனி, நம் நாட்டு இருப்புப்பாதைகளுக்கு எண்ணற்ற எஞ்சின்களைச் செய்து அனுப்பியது என்றும், 1962-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது என்றும் பின்னாளில் அறிந்தோம். பிறந்த கூடம் மறைந்த பிறகும் பல ஆண்டுகள் அவ்வெஞ்சின்கள் இங்கே ஓடிக்கொண்டிருந்தன.

எம் அலுவலகம் ஃபேர்லி பிளேஸில் உள்ளது. உணவு இடைவேளையில் சிறிது நடந்தால், ரைட்டர்ஸ் கட்டடத்தை அடுத்து வானளாவி நிற்கும் புனித அந்திரேயா கோயிலைக் காணலாம். இது கல்கத்தாவில் குடியேறிய ஸ்காட்லாந்தியர் தமக்கெனக் கட்டிக்கொண்ட கோயில். 1815-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் இதற்கு அடிக்கல் நாட்டினர், 1818-இல் திறந்தனர். அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்திரேயா ஸ்காட்லாந்தின் காவற்புனிதர். நவம்பர் 30 அவர் திருநாள். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தும் அடிக்கல் நாட்டத் தம் ஊர்த் திருநாளையே பார்த்தனர். நாம் புதுமனை புகத் தை பிறக்கட்டும் என்று காத்திருப்பதைப்போல.

இக்கோபுரத்தின் உச்சியில் ஓர் உலோகச் சேவல் நிற்கிறது. அதைப்பற்றி இவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. 1814-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பிஷப் மிடில்டனும், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் குரு ஜேம்ஸ் பிரைஸும் கல்கத்தா வந்து சேர்ந்தனர். ஸ்காட்லாந்தியர் கோயிலுக்கு உயர்ந்த கோபுரம் கூடாது என்று பிஷப் தடுத்தாராம். பிரைஸ் விடவில்லை. ஆங்கிலேயர் கோயிலினும் உயரமாகக் கோபுரம் எழுப்பி, பிஷப்பின் தலைக்கு மேல் கூவட்டும் என்று உச்சியில் சேவலையும் வைத்தாராம். கதை எவ்வளவு மெய்யோ! ஆனால் ஒன்று தெளிவு. நம் நாட்டார் கண்ணுக்கு அனைவரும் ‘வெள்ளைக்காரர்’ ஒருவரே. ஸ்காட்லாந்தியரோ ‘நாங்கள் ஆங்கிலேயர் அல்லர்’ என்பதை அயலூரிலும் சொல்லிக்கொண்டே இருந்தனர். வடக்கே வந்த நம்மை ‘மதராசி’ என்ற ஒரே சொல்லால் அழைக்கும்போது நமக்குள் எழும் உணர்ச்சியும் இத்தகையதே அன்றோ? விடுமுறைக்குச் செல்லும் நம் குடும்பத்தார் சென்னை எழும்பூர் நிலையத்தருகே காணும் வெண்ணிறக் கோபுரமும் இவர்களுடையதே. 1821-இல் அது திறக்கப்பெற்றது. அதற்கும் பெயர் அந்திரேயா கோயில்தான்.

இனி, இவர்கள் வந்த காரணத்தைப் பார்ப்போம். வணிகர், மருத்துவர், படைவீரர், குருமார் எனப் பலர் வந்தனர். ஆயினும் ஹூக்ளிக் கரையில் பெருந்திரளாக வந்தவர்கள் சணல் ஆலைக்காரர்கள். அவர்களுட் பெரும்பாலோர்க்கு ஊர் ஒன்றே, அது டண்டி. டே ஆற்றின் கழிமுகத்தில் உள்ள அந்நகரம் திமிங்கில வேட்டைக்குப் பெயர் பெற்றது. நம் வங்காளச் சணல் முரடானது. எந்திரத்தில் நூற்க வராது. திமிங்கில எண்ணெயும் நீரும் தெளித்து ஊறவைத்தால் அது மென்மையாகி எந்திரத்திற்கு இணங்கும் என்று 1830-களில் டண்டியில் கண்டறிந்தனர். அது முதல் வங்காளத்துச் சணல் கப்பலேறி டண்டிக்குச் சென்று சாக்காக மாறியது. 1855-இல் ரிஷ்ராவில் முதல் நூற்பாலை எழுந்தது. அதற்கான எந்திரம் டண்டியிலிருந்து வந்தது. எந்திரத்தின் பின்னே, அதனை ஓட்டத் தெரிந்த மனிதரும் வந்தனர்.

அவ்வாறு வந்தவர் பலரும் செல்வர் அல்லர். டண்டி ஆலைகளிலேயே தொழில் பழகிய இளைஞர்கள். மெக்கானிக்காகவும் ஓவர்சியராகவும் சில ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அங்கே நெருக்கமான வாடகைக் குடியிருப்பில் வளர்ந்தவர்க்கு இங்கே ஆற்றங்கரையில் மாளிகை போன்ற குடியிருப்பும், சமையற்காரரும், ஏவலரும் கிடைத்தனர். ஆலைச் சங்கு ஊதும் அதிகாலையில் பணி தொடங்கும். தறிகளின் பேரிரைச்சலில் பேச்சுக் கேளாது. டண்டிப் பெண்கள் தறிகளினிடையே வாயசைவையும் கைச்சாடையையும் கொண்டே உரையாடக் கற்றிருந்தனர். அந்தியில் ஆற்றுக் காற்று. ஞாயிறு தோறும் கோயில். கோல்ப் ஆட்டம் தோன்றி வளர்ந்த நாடு ஸ்காட்லாந்து. கல்கத்தாவில் 1829-லேயே அதற்கொரு கழகம் உண்டாயிற்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றுள்ள கோல்ப் கழகங்களுள் அதுவே மிகப் பழையது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அவர்கள் ஆள்வோர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஆலைகளில் உழைத்த பீகார், ஒரிசா, ஆந்திரத் தொழிலாளர்கள் ‘கூலி லைன்’ என்னும் காற்றோட்டமில்லா வரிசை வீடுகளில் அடைந்து கிடந்தனர். அவர்களும் ஊரை விட்டு வந்தவர்களே. அவர்கள் தம் ஊரை நினைத்து என்ன பாடினார்கள் என்பதைக் கல்லில் பொறித்து வைப்பார் இல்லை. ஆதலின் ஸ்காட்லாந்தியரை முழுதும் போற்றவும் யாம் வரவில்லை. முழுதும் தூற்றவும் வரவில்லை. ஊர்ப்பற்றைக் காப்பதில் அவர்கள் கைக்கொண்ட முறை ஒன்று நமக்குப் பாடமாகும். அதனையே எடுத்துரைக்கின்றோம்.

அம்முறை யாது? அவர்கள் பெருஞ்சுமை எதையும் தூக்கி வரவில்லை. சிலவற்றை மனப்பாடமாகக் கொண்டு வந்தனர். அலெக்சாண்டர் டஃப் என்னும் இளங்குரு 1829-இல் ஸ்காட்லாந்திலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலேறினார். ஏறத்தாழ 800 நூல்கள் கொண்ட தம் நூலகத்தையும் உடன் ஏற்றினார். நன்னம்பிக்கை முனையருகே கப்பல் உடைந்தது. உயிர்கள் தப்பின, நூல்கள் மூழ்கின. கடல் கரையில் ஒதுக்கித் தந்தவை விவிலியமும் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் சங்கீதப் புத்தகமும் மட்டுமே. அச்சங்கீதங்கள் எளிய மக்களும் மனனம் செய்து பாடும் வண்ணம் செய்யுளாக யாக்கப்பெற்றவை. வேறு கப்பல் ஏறினார். அதுவும் கங்கை முகத்துவாரத்தில் சேதமுற்றது. ஒருவாறு கரை சேர்ந்து, 1830-இல் அவர் தொடங்கிய பள்ளியே இன்று ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியாக விளங்குகிறது.

சங்கீதப் புத்தகம் கோயிலுக்கு. வீட்டிற்கும் விருந்திற்கும் இராபர்ட் பர்ன்ஸ் என்னும் கவிஞர். 1759-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் ஆலோவே என்னும் சிற்றூரில் ஒரு குடிசையில் பிறந்த உழவர் மகன் அவர். கற்றவர்கள் தம் பேச்சிலும் எழுத்திலும் ஸ்காட்லாந்துச் சொல் கலவாதிருக்க வேண்டும் என்று, விலக்க வேண்டிய சொற்களைப் பட்டியலிட்டு வெளியிட்ட காலம் அது. டேவிட் ஹியூம் என்னும் பேரறிஞரே அத்தகைய பட்டியல் ஒன்றைத் தந்தார். அந்நாளில் பர்ன்ஸ் தம் தாய் பேசிய மொழியிலேயே பாடினார். 1786-இல் வறுமை நெருக்கவே, மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவில், அடிமைகள் உழைத்த தோட்டமொன்றில் கணக்கர் வேலைக்குச் செல்லவும் துணிந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவருடைய முதல் நூல் பெற்ற வரவேற்பு அப்பயணத்தைத் தடுத்தது. உலகெங்கும் சிதறிய ஸ்காட்லாந்தியரின் கவிஞர், தாமே நாடு விட்டுச் சிதறவிருந்தவர்!

பின்னர் 1789-இல் அவர் அரசாங்கத்தின் கலால் அலுவலரானார். கீழ்நிலை அரசு ஊழியர். நம் இனம் என்றே கொள்ளலாம். குதிரைமீதேறி வாரந்தோறும் ஏறத்தாழ 200 மைல் சுற்றி வேலை பார்த்தார். அந்த அலைச்சலுக்கிடையே நாட்டுப்புற மெட்டுகளையும் பாடல்களையும் திரட்டினார், குறையுள்ளவற்றைச் செப்பனிட்டார், புதியன புனைந்தார். அப்பாடல்களுக்குப் பணம் பெற மறுத்துவிட்டார். 37-ஆம் வயதில், 1796-இல் மறைந்தார். அலுவலகத்தில் நேரமில்லை, வீட்டில் நேரமில்லை என்று நாம் கூறும்பொழுதெல்லாம் அந்தக் குதிரை எம் நினைவிற்கு வருகின்றது.

1801-இல் அவருடைய நண்பர் சிலர் அவர் பிறந்த குடிசையில் கூடி விருந்துண்டு நினைவு கூர்ந்தனர். அதுவே பர்ன்ஸ் விருந்து என்னும் வழக்கமாகி, ஸ்காட்லாந்தியர் சென்ற நாடெங்கும் பரவியது. கல்கத்தாவிலும் சனவரி 25 அவர்களுக்குப் பொன்னாள். விருந்தின் முறையைக் கேளுங்கள். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் கொழுப்பும் மிளகும் கலந்து, ஆட்டிரைப்பையில் பொதிந்து அவித்த ‘ஹாகிஸ்’ என்னும் ஏழை உணவு, இசைப்பை முழங்க ஊர்வலமாக வரும். அவ்வுணவை விளித்துப் பர்ன்ஸ் பாடிய கவிதையை ஒருவர் முழுதும் ஒப்பித்து, உரிய அடி வந்ததும் கத்தியால் அதனைப் பிளப்பார். உடன் அவித்த டர்னிப்பும் உருளைக்கிழங்கும் உண்டு. மதுவும் உண்டு, அதனை இங்கே விரித்துரைக்க வேண்டா! பின்னர் ஒருவர் கவிஞரின் அழியா நினைவைக் குறித்து உரையாற்றுவார். பெண்களைப் போற்றி ஓர் ஆடவர் பேச, ஒரு பெண் எழுந்து நகைச்சுவையுடன் விடையிறுப்பார். பாடல்கள் தொடரும். முடிவில் அனைவரும் எழுந்து கைகோத்துப் பழைய நட்பைப் போற்றும் ‘ஆல்ட் லாங் சைன்’ பாடலைப் பாடிக் கலைவர்.

இதில் எம் மனம் கவர்ந்தது உணவும் அன்று, இசைப்பையும் அன்று. பாடுபவர், ஒப்பிப்பவர், பேசுபவர் எவரும் பெரும்பாலும் வெளியிலிருந்து அழைத்து வந்த கலைஞர் அல்லர். அம்மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களே. பகலில் எந்திரத்தைப் பழுது பார்த்தவர் இரவில் கவிதை ஒப்பித்தார். கணக்கெழுதியவர் பாடினார். சனவரி வருகிறது என்றால், டிசம்பரிலேயே ஒருவர் தமக்குள் முணுமுணுத்துப் பாடம் செய்தாக வேண்டும். அப்பாடமே பற்று. மற்றவை அலங்காரம்.

ஆங்கிலப் புத்தாண்டும் அவர்களுக்குத் தனிச்சிறப்புடைய நாள். ஸ்காட்லாந்தில் 1958 வரை கிறிஸ்துமசுக்குப் பொது விடுமுறை இல்லை. ஆண்டின் கடைசி இரவே பெருவிழா. நள்ளிரவு கடந்ததும் வீட்டினுள் முதலில் அடி வைப்பவர் கருங்கூந்தல் உடைய ஆடவராயின் நன்மை என்பர். அவர் கையில் நிலக்கரித் துண்டும் ரொட்டியும் உப்பும் கொண்டு வருவார். அடுப்பெரியவும், பசி தீரவும், சுவை குன்றாதிருக்கவும் வாழ்த்து அது. குளிர்நாட்டுக்கு உரிய அவ்வழக்கத்தைக் கங்கைக் கரையிலும் மறவாதார் உளர். சித்திரைப் பிறப்பன்று இங்கே வேப்பம்பூவிற்காக லேக் மார்க்கெட் முழுதும் அலையும் நம் தாய்மார்கள் அதன் பொருளை எளிதில் உணர்வர்.

ஆனால் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. அவர்கள் தம் பற்றிற்குக் கொடுத்த விலை பெரிது. பிள்ளைகள் இந்நாட்டில் வளர்ந்தால் உடல் நலியும், பேச்சு மாறும், பழக்கம் மாறும் என்று அஞ்சிய பெற்றோர், வசதி இருந்தால் ஏழெட்டு வயதிலேயே கப்பலேற்றித் தாய்நாட்டிற்கு அனுப்பிவிடுவர். தாய் இங்கே, பிள்ளை அங்கே. இடையே மாதக்கணக்கில் கடல். சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தபின் பயணம் வாரங்களாகச் சுருங்கியது, பிரிவு சுருங்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் சந்திக்கும்போது பெற்ற பிள்ளையே முகமறியா அயலாராய் நின்ற வீடுகள் பல. பிள்ளையின் மொழியைக் காத்தனர். பிள்ளையின் இளமையை இழந்தனர்.

இதனினும் கசப்பான பக்கமும் உண்டு. தேயிலைத் தோட்டங்களில் தனித்திருந்த துரைமார் சிலர் உள்ளூர்ப் பெண்களுடன் வாழ்ந்து பெற்ற பிள்ளைகளை ஏற்காது கைவிட்டனர். அப்பிள்ளைகளின் நிலை கண்டு நெஞ்சுருகிய ஜான் ஆண்டர்சன் கிரஹாம் என்னும் ஸ்காட்லாந்துக் குரு 1900-இல் காலிம்போங்கில் அவர்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். இன்றும் அது பள்ளியாக நடைபெறுகிறது. ஊர்த் திருநாளை மறவாதவரிற் சிலர், பெற்ற மகவை மறந்தனர். ஊர்ப்பற்று ஒன்றே மனிதரை நல்லவராக்கிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பார்க் சர்க்கஸை அடுத்த கரேயா சாலையில் ஸ்காட்லாந்தியரின் இடுகாடு உள்ளது. 1820-இல் தொடங்கப்பெற்றது. ஒரு ஞாயிறன்று குடும்பத்துடன் சென்று கண்டோம். கல்லறைக் கற்களிற் பலவும் பெயரோடு நிற்கவில்லை. இன்ன ஊரினர் என்றும் உரைக்கின்றன. டண்டி என்ற சொல்லை எம் மகள் விரல் வைத்துப் படித்தாள். இளமையில் மாண்டவர், சிறு மகவுகள் எனப் பலர் அங்கே துயில்கின்றனர். புதர் மண்டிக் கிடந்த அவ்விடத்தைச் சீர்செய்யும் பணி 2008 முதல் ஓர் அறக்கட்டளையால் நடைபெற்று வருகிறது. டண்டியிலோ கடைசிச் சணல் ஆலையும் 1999-இல் மூடப்பட்டது. ஹூக்ளிக் கரையில் சங்கு இன்னும் ஊதுகிறது. ஊத வந்தவர்கள்தாம் இல்லை.

அவ்வாறாயின் அவர்கள் விட்டுச் சென்றவை கல்லும் கோபுரமும் மட்டுமோ? அன்று. 1878-இல் இளைஞர் இரவீந்திரநாத தாகூர் இங்கிலாந்து சென்றார். அந்நாட்டு மெட்டுகள் பல அவர் செவி புகுந்தன. விருந்தின் முடிவில் ஸ்காட்லாந்தியர் பாடும் அதே ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டைத் தழுவி, பழைய நாட்களை நினைவுகூரும் வங்கப் பாடல் ஒன்றை அவர் இயற்றினார். நம் காலனிப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அதனை அறிவர். எம் மகளும் வீட்டில் பாடுவாள். அதன் வேர் ஸ்காட்லாந்தில் என்று யாம் சொன்னபோது நம்ப மறுத்தாள். வாயிலிருந்து வாய்க்குச் சென்ற பாட்டு, கட்டியவர் போன பிறகும் வாழ்கின்றது.

பெரியோர்களே! இனி நம் வீட்டிற்கு வருவோம். எம் தாயார் மறைந்தபோது எமக்கு விட்டுச் சென்றது ஒரு நோட்டுப் புத்தகம். கூட்டாஞ்சோறு, சொதி, ஊறுகாய் முதலியவற்றின் பக்குவமெல்லாம் அவர் கைப்பட எழுதியது. சென்ற தீபாவளி விடுமுறையில் எம் மகள், “ஆச்சி செய்யும் கூட்டாஞ்சோறு நான் செய்யப் போகிறேன், வாசித்துச் சொல்லுங்கள் அப்பா” என்று கேட்டாள். யாம் வாசித்தோம், அவள் எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்தோம். ஆச்சியின் சொற்கள் அனைத்தும் வங்க எழுத்தில் இருந்தன. பன்னிரண்டு வயதுப் பெண். தமிழ் நன்றாகவே பேசுவாள். ஆனால் தன் ஆச்சியின் கையெழுத்து அவளுக்கு வெறுங்கோடு. அவளைக் குறை கூற எமக்கு வாய் எழவில்லை. அவள் அதைக் காக்கவே முயன்றாள். காக்கும் கருவியை யாமே தரவில்லை.

ஸ்காட்லாந்தியர் மொழிக்காகப் பிள்ளைகளைப் பிரிந்தனர். நாமோ பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே மொழியை நழுவ விடுகின்றோம். அவர்களுக்கு ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிச் செல்லக் கப்பல் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இதுவே ஊர். அவர்கள் திரும்பப் போவதில்லை. ஆதலின் நமக்குக் கவலை அவர்களினும் மிகுதியாக இருத்தல் வேண்டும்.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் இவ்வாண்டு 11 பிள்ளைகள் சேர்ந்தனர். இன்று வருவோர் 4 பேர். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. வராதவருள் எம் மகளும் ஒருத்தி. டியூஷனுக்கு நேரமாகிறது என்று நிறுத்தியவர் யாமே. இம்மேடையில் அதனை ஒப்புக்கொள்ளாது வேறு எதைப் பேசினும் அது பொய்யாகும்.

ஆகவே சங்கத்தின்முன் இரண்டே வேண்டுகோள் வைக்கின்றோம். முதலாவது, வீட்டிற்கு உரியது. இரவு உணவு முடிந்ததும் பத்து நிமிடம், உண்ட இடத்திலேயே அமர்ந்து, வீட்டில் உள்ள ஒருவர் தமிழில் ஏதேனும் ஒரு பக்கம் உரக்கப் படிக்கட்டும். நாளிதழாயினும் சரி, திருக்குறளாயினும் சரி, பாட்டியின் கடிதமாயினும் சரி. இரண்டாவது, சங்கத்திற்கு உரியது. அடுத்த ஆண்டு விழாவில் சென்னையிலிருந்து பேச்சாளரை அழைக்கும் முன், ஒரு மணி நேரத்தை நம்மவர்க்கே ஒதுக்குங்கள். பண்டக சாலைக்காரர் ஒரு பாரதி பாட்டு ஒப்பிக்கட்டும். கார்டு ஒரு தேவாரம் பாடட்டும். தாய்மார் ஒரு தாலாட்டுப் பாடட்டும். பிழை வரும், வரட்டும். இதுவரை ஆண்டுதோறும் நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். இனிச் செய்வோராவோம்.

எம் மகள் அடுத்த ஞாயிறு முதல் மீண்டும் வகுப்பிற்கு வருவாள். உடன் யாமும் வந்து பின்வரிசையில் அமர்வோம். ஆச்சியின் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வருவோம். அதுவே எங்களுக்கு இவ்வாண்டின் பாடநூல்.